நடுவில் பதினாறு பக்கம்

— நீதான அவுத்த?

— நான் கேட்டதுக்கு முதல்ல நீங்க...

— நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லு. இந்தத் தையல அவுத்தது யாரு?

— தைச்சது யாருன்னு நான் கேட்டேனா?

— தைக்கிறது என் தொழில். இந்தக் கடையில பைண்டர் நான் ஒருத்தன்தான். நீ ஏழாவது படிக்கிற புள்ள. நூலகத்துப் புத்தகத்துல ஊசி வைக்க உனக்கு யாரு...

— கெட்டுப்போச்சா? இழுத்துப் பாருங்க.

— ...

— என்னப்பா, நிக்குதா?

— நல்லாத்தான் நிக்குது. அது வேற விஷயம்.

— முடிச்சப் பாருங்க.

— பாத்தேன். என் முடிச்சு இல்ல இது. உங்கம்மா முடிச்சு. மூணு சுத்து சுத்தி உள்ளுக்கு இழுக்கறது.

— அம்மா தைக்கிறப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல. பாத்துப் பாத்து வந்துருச்சு.

— பாத்தா வராது அது. நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன். எனக்கு வரல.

— உங்களுக்கு விரல் தடிசுப்பா.

— பேச்ச மாத்தாத. எதுக்கு அவுத்த?

— எத்தன பாரம் இருக்குன்னு எண்ணுங்க.

— எதுக்கு?

— எண்ணுங்களேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. ஒரு பெரிய தாள மடிச்சா பதினாறு பக்கம், அது ஒரு பாரம். பாரத்து மேல பாரம் அடுக்கித் தைச்சா புத்தகம்னு.

— எனக்குத் தெரியும் எத்தனன்னு. எட்டு.

— எனக்குப் படிக்கக் குடுத்தப்ப ஏழு.

— அச்சகத்துல விட்டிருப்பான். பழைய புத்தகம், எவன் எண்ணிப் போட்டான்...

— அச்சகத்துல விட்டது எப்படித் திரும்பி வந்துச்சு? பஸ் புடிச்சு வந்துச்சா?

— வாயி. வர வர வாயி அதிகமாயிடுச்சு உனக்கு. அவ இல்லன்னதும்...

— அவ இல்லன்னதும்?

— ஆஸ்பத்திரியில இருக்காளே, கேக்க ஆளு இல்லன்னு சொல்ல வந்தேன்.

— புத்தகம் அழுத்தற பிரஸ்ஸுக்கு அடியில இருந்துச்சுப்பா. அந்தப் பூப்போட்ட தாள் கட்டு இருக்குல்ல, அதுக்கு நடுவுல. ரெண்டு பாரம். இது ஒண்ணு, படகுக் கதையில ஒண்ணு.

— அதுல ஏன் கை விட்ட நீ?

— அந்துருண்டை வைக்கச் சொன்னது யாரு? நீங்கதான். 'எல்லாக் கட்டுலயும் வை, ஒண்ணு விடாத'ன்னீங்க.

— சரி. எடுத்தேன். அதுக்கென்ன இப்ப. ஓரம் கிழிஞ்சிருந்துச்சு, ஒட்டி வைக்கலாம்னு...

— கிழியல.

— கறை இருந்துச்சு.

— கறையும் இல்ல. நான் பைண்டர் வீட்டுப் பொண்ணுப்பா. கிழிஞ்ச தாளு எது, கிழியாத தாளு எதுன்னு தெரியாதா எனக்கு?

— தெரிஞ்சா சரி. நேரமாச்சு. லைப்ரரி அம்மா வந்துருவாங்க. அவங்களுக்குக் குடுத்துட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது இருட்டினாத்தான்.

— நானும் வரேன்.

— ஆரம்பிச்சியா. சின்னப் புள்ளைங்கள உள்ள விட மாட்டாங்கன்னு எத்தன தடவ சொல்றது. எதாவது தொத்திக்கும். அம்மா கொஞ்ச நாள்ல வந்துடுவா. உடம்பு தேறிக்கிட்டுத்தான் வருது. டாக்டரே சொன்னாரு.

— எந்த டாக்டர்?

— எந்த டாக்டர்னா... டாக்டர்தான். வெள்ளச் சட்டை போட்டவரு.

— ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. உங்களுக்கு இந்தக் கலங்கரை விளக்கக் கதை தெரியுமா?

— எது?

— கையில வச்சிருக்கீங்களே, அது.

— பேரு என்ன?

— யாருக்குத் தெரியும். நீங்க அட்டை போட்டதும் நூலகத்துக்குப் போயிடும். என் கைக்கு வர்றது எல்லாம் அட்டை இல்லாத மொட்டைப் புத்தகம். பாதிப் புத்தகத்துல முதல் தாளே இருக்கறதில்ல. நானேதான் பேரு வச்சுக்கறேன். இது கலங்கரை விளக்கம். அது படகு. அதோ அட்டை போட்டு வச்சிருக்கீங்களே, அது நாய்.

— கரையானுக்கு அட்டை எதுக்கு. தாளு இருந்தாப் போதாதா.

— கரையான்னு அம்மாதான் என்னக் கூப்புடணும். நீங்க சொன்னா நல்லா இல்ல.

— ...சரி. சொல்லல.

— நீங்க இதப் படிச்சீங்களா?

— நான் வெளிய கட்றவன். உள்ள இருக்கறது எனக்கு எதுக்கு. புரட்டினேன்.

— என்ன தேடிப் புரட்டினீங்க?

— ...

— சரி, கதைய நான் சொல்லவா? இல்ல, 'அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரல'ன்னு காதப் பொத்திக்குவீங்களா?

— அது உங்கம்மாவோட வேல.

— இந்த வீட்டுச் சட்டம்பா அது. மூணு பேரும் ஒரே புத்தகத்த ஆளுக்கொரு இடத்துல படிச்சுக்கிட்டிருந்தா, முன்னாடி போனவங்க பின்னாடி வர்றவங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா பசைச் சட்டி கழுவணும்.

— தெரியும், தெரியும். நகையத் திருடினது தோட்டக்காரன்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வாரம் என்னக் கழுவ விட்டுட்டா.

— அம்மா பாதியிலதான இருந்தாங்க அப்ப.

— நான் மட்டும் வேணும்னேவா சொன்னேன்? ஆசையா இருந்துச்சு, சொல்லிட்டேன். படிச்சதே அந்த ஒரு புத்தகம்.

— சிரிக்கிறீங்க.

— சிரிக்கல. நீ கதையச் சொல்லு.

— கடல் நடுவுல ஒரு பாறை. அதுல விளக்குக் கோபுரம். விளக்கப் பாத்துக்கற வேல அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு. அவங்களுக்கு இருமல். ராத்திரியெல்லாம் இருமுவாங்க. ஆனா பொழுது சாஞ்சா எழுந்து, படியேறிப் போய் விளக்க ஏத்திடுவாங்க. ஒரு நாள் பாதிப் படியில உக்காந்துடறாங்க. மகளப் பாத்துச் சிரிச்சுட்டு, 'கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன், நீ முன்னாடி போ'ங்கறாங்க. பக்கம் முடியுது.

— ம்.

— அடுத்த பக்கத்தப் புரட்டினா மழைக்காலமே முடிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு தனியா விளக்கு ஏத்தறா. யாரோ அத்தையாம், சமையல்கட்டுல நிக்கறாங்க. அம்மாவப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அந்தப் பொண்ணு அம்மாவோட சால்வையப் போத்திக்கிட்டு நிக்கறா. அவ்ளோதான்.

— பக்கத்துல எண்ணு போட்டிருக்குமே. பாக்கலையா நீ?

— எண்பதுக்கு அப்புறம் தொண்ணூத்தேழு. மொதல்ல பாக்கல. கதை ஓடறப்ப எவ எண்ணப் பாப்பா. கோவம் வந்தப்புறம்தான் திரும்பிப் போய்ப் பாத்தேன்.

— கோவமா? யாரு மேல?

— அந்த அம்மா மேல.

— ஏன்?

— இவ்ளோ சின்னப் பொண்ணு தலையில வேலையக் கட்டிட்டு, சொல்லாமக் கொள்ளாம எங்கயோ போயிட்டாங்களேன்னு. போறவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? சால்வையக்கூட எடுத்துக்காமப் போயிருக்காங்க, அவ்ளோ அவசரம். ரெண்டு நாள் திட்டிக்கிட்டே இருந்தேன்பா. பல்லு தேய்க்கறப்பகூடத் திட்டினேன்.

— திட்டினியா...

— அவங்க ஒரு தப்பும் பண்ணல. கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு பக்கத்துலதான் இருந்தாங்க. நடுவுல பதினாறு பக்கம் இல்ல, அதனால நான் அவங்கள ஓடிப்போனவங்களா ஆக்கிட்டேன். இந்தப் பாரம் கையில கிடைச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? படிச்சு முடிச்சதும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்போல இருந்துச்சு. யாருகிட்டப் போய்க் கேக்கறது?

— நான் அத நெனைக்கல.

— என்ன நெனச்சீங்க?

— சின்னப் புள்ளைங்க படிக்கற புத்தகத்துல இதெல்லாம் எதுக்கு எழுதறானுங்க? முயலு, ஆம, காட்டுக்குள்ள போனான், வந்தான்னு எழுத வேண்டியதுதான. யாரு கேட்டா இவனுங்கள அம்மா செத்துப்போற கதைய?

— புத்தகத்துல எழுதலன்னா வீட்டுல வராதாப்பா?

— ...

— நான் சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்கற கேள்வியா இது.

— நாய்க் கதையில மட்டும் நீங்க கை வைக்கவே இல்ல.

— அதுல அம்மாவே வரலையே.

— நாய் செத்துப்போச்சு.

— நாய்தானேன்னு...

— நாய்தானேவா? சோறு எறங்கல எனக்கு. வயித்துவலின்னு சொன்னேனே, நீங்ககூட ஓடிப்போய் சோடா வாங்கிட்டு வந்தீங்க.

— அதுக்கா வயித்துவலி?

— ம்.

— அழணும்னா அழுதுட்டுப் போக வேண்டியதுதான. எதுக்கு வயித்துவலி?

— நீங்க பாத்தா ஏன் அழறன்னு கேப்பீங்க. நாய்க்குன்னு சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நல்ல வசதி அது. நாய்க்காக அழறேன்னு சொல்லிட்டா, அப்புறம் எவ்ளோ நேரம் அழுதாலும் யாரும் கேக்க மாட்டாங்க. மாடி வீட்டு அத்தை மட்டும் கேட்டாங்க. 'அந்த நாய் ரொம்ப நல்ல நாயோ'ன்னு.

— என்ன சொன்ன?

— ஆமான்னேன்.

— இங்க வா. அந்த ஊசிய வச்சுட்டு வா. குத்திக்கப்போற.

— குத்தாது. அப்பா, படகுல ஏன் எடுத்தீங்க?

— அதையும் அவுத்துத் தைச்சுட்டியா?

— தைச்சுட்டேன். ஏன் எடுத்தீங்க?

— அதுலயும் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். நெனவு தப்பிப் படுத்திருக்கா. புள்ளைங்க சுத்தி நிக்குது. அந்த எடம் வரைக்கும் பாத்தேன். மேல பாக்க முடியல. பாரத்தோட உருவிட்டேன்.

— அவங்க பொழச்சுக்கறாங்கப்பா. அதே பாரத்துலதான். நாலு பக்கம் தள்ளி.

— பொழச்சுக்கறாளா?

— ம். எழுந்து உக்காந்து, படகக் கரையில இழுத்துப் போட்டீங்களா, ஆத்தோட விட்டீங்களான்னு கேக்கறாங்க.

— எப்படி? என்ன குடுத்தாங்க?

— அப்பா... அது கதை.

— கதைன்னு தெரியும். சும்மா கேட்டேன்.

— மருந்து பேரெல்லாம் போடல.

— சரி, விடு.

— அது இல்லாமப் படிச்சா என்ன ஆவுது தெரியுமா? அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறாங்க, வீடே கட்டிப்புடிச்சு அழுவுது. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு நான் சிரிச்சேன். சந்தோஷப்பட வேண்டிய எடத்துல சிரிச்சு வச்சேன்.

— தப்புதான். என் தப்புதான். நீ படிச்சு முடிச்சதும் திரும்ப வச்சுத் தைச்சுடலாம்னுதான் பத்திரமா வச்சேன். தூக்கியா போட்டேன்? ஒரு தாளத் தூக்கிப் போடுவனா நான்?

— தெரியும்பா.

— பைண்டரே, இருக்கீங்களா?

— வாங்கம்மா, வாங்க. நூலகத்துலேர்ந்து நீங்களே வரணுமா? ஆளு அனுப்பியிருக்கலாமே.

— ஆளு லீவு. பூட்டறதும் நான், கூட்டறதும் நான், புத்தகம் தூக்கறதும் நான். குழந்தைங்க அலமாரி காலியாக் கெடக்கு. எத்தன ஆச்சு?

— ஒண்ணு ஆச்சும்மா. ரெண்டுக்கு அட்டை போடணும்.

— என்ன பாப்பா, இந்தத் தடவ எது நல்லா இருக்கு? உன்னக் கேட்டுத்தான் நான் பசங்களுக்குக் குடுக்கறேன்.

— நாய்க் கதைய அழுமூஞ்சிங்களுக்குக் குடுக்காதீங்க அத்தை. படகக் குடுங்க.

— படகு நல்லா இருக்கா?

— இப்ப நல்லா இருக்கு. நடுவுல ஒரு பாரம் கழண்டிருந்துச்சு. அப்பா சேத்துட்டாங்க.

— அதான பாத்தேன். பைண்டரு கையில போனா முழுசாத்தான் திரும்பி வரும். வீட்டுல எப்படி இருக்காங்க பைண்டரே? என் தங்கச்சி அங்கதான நர்ஸு. அந்தக் கடைசி வார்டுக்கு மாத்திட்டாங்களாமே...

— பசை. பசை தீயுது பாரு. போய் எறக்கு. கரையான், போ.

— அடுப்பே பத்த வைக்கலையேப்பா.

— நான் வேணா நாளைக்கு வரேன் பைண்டரே.

— இல்லம்மா, இருங்க. அட்டை காயல, அதான்...

— ஒண்ணும் அவசரமில்ல. முன்னாடியே கேட்டுட்டு வரலாம்னு பாத்தா சாயங்காலத்துல உங்க கடை போனு கிடைக்கவே மாட்டேங்குது. எப்பப் பண்ணாலும் யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க.

— சாயங்காலம் நான் பஸ்லதான இருப்பேன். போனு கெட்டுப்போயிருக்கும்மா.

— நேத்து மட்டும் கிடைச்சுது. மணி ஒரு தடவகூட முழுசா அடிக்கல, பாப்பா எடுத்துட்டா. எடுத்ததும் 'ஏன் இவ்ளோ நேரம்'னு என்னக் கேக்கறா. நான்தான்னு சொன்னேன், அப்படியே வச்சுட்டா.

— மன்னிச்சுக்கங்க அத்தை.

— அட, அதுக்குச் சொல்லல கண்ணு. உன் குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் பாத்துட்டுப் போகலாம்னு... சரி, நாய நான் எடுத்துக்கறேன். மத்தது மெதுவாக் குடுங்க பைண்டரே. வரேன்.

— நல்லதும்மா. படி பாத்து.

— ...

— யாரு போனுன்னு நெனச்ச நேத்து?

— மாடி வீட்டு அத்தைன்னு...

— மாடியிலேர்ந்து போனா பண்ணுவாங்க? கூப்புட்டா கேக்குமே.

— அப்பா, வார்டு மாத்திட்டாங்களா? கடைசி வார்டுன்னா என்ன?

— தாழ்வாரத்துக் கடைசியில இருக்கு. அவ்ளோதான். ஜன்னல் பக்கம், காத்து வரும்னு மாத்தினாங்க. இந்தம்மா எதையாவது ஒண்ணக் கேட்டுட்டு வந்து...

— எப்ப மாத்தினாங்க?

— நேத்து மத்தியானம்.

— ஓ.

— என்ன 'ஓ'?

— நேத்து அம்மா எப்படி இருந்தாங்க?

— தூங்கிட்டிருந்தா. நான் போறப்பல்லாம் தூங்கிட்டுத்தான் இருப்பா. கன்னமெல்லாம் ஈரமா இருக்கும், முகம் கழுவிட்டுத் துடைக்காத மாதிரி. ஒரு பக்கத்துக் காது மட்டும் செவந்து கெடக்கும். தலகாணியில அழுந்தி.

— நேத்தும் செவந்திருந்துச்சா?

— நேத்து... இல்ல. நேத்து இல்ல. ஏன் கேக்கற?

— சும்மா. அப்பா, இன்னைக்கு நான் வரேன்.

— பாப்பா...

— உள்ள வரல. வாசல்ல நிக்கறேன். ஜன்னல் இருக்குன்னீங்கல்ல, ஜன்னல் வழியாப் பாக்கறேன்.

— ரெண்டாவது மாடிம்மா அது.

— அப்ப படியில உக்காந்திருக்கேன்.

— புரிஞ்சுக்க மாட்டேங்கறியே. அங்க வந்து நீ பாத்தா... அவ இப்ப முன்ன மாதிரி இல்ல. மெலிஞ்சு போய்... மருந்துதான், மருந்து அப்படிப் பண்ணும். தேறினதும் நீ பாரு. இப்ப வேணாம்.

— சரி, ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பாரத்தப் படிங்க. புரட்ட வேணாம், படிங்க. சத்தமா. படிச்சு முடிச்சப்புறமும் நீ வரவேணாம்னு தோணிச்சுன்னா சொல்லுங்க. நான் கேக்கவே மாட்டேன்.

— கண்ணாடி எங்க வச்சேன்னு...

— நெத்தியில. இங்கேர்ந்து படிங்க.

— 'படியில் உட்கார்ந்த அம்மா பிறகு தானாக எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கிவந்து ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள்...' பஸ்ஸுக்கு நேரமாச்சு பாப்பா.

— படிங்கப்பா.

— '...அவள் மகளைக் கூப்பிட்டுத் தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள் மகள். எனக்கும்தான் என்றாள் அம்மா. இருவரும்...'

— ம்.

— '...இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்து பயந்துகொண்டிருந்தார்கள்.' இப்படியா எழுதியிருக்கு?

— அப்படித்தான். மேல படிங்க.

— சேந்து பயந்துக்கிட்டு...

— மேல.

— 'அன்று மாலை அம்மாவின் கை...' என்னால முடியல.

— நான் படிக்கட்டுமா? குடுங்க. 'அன்று மாலை அம்மாவின் கை குளிர்ந்திருந்தது. அறையில் ஒருவரும் பேசவில்லை. வெளியே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மகள்தான் முதலில் எழுந்தாள். விளக்கு என்றாள். அழுதுகொண்டே படியேறினாள். அழுதுகொண்டே திரியை வெட்டினாள், எண்ணெய் ஊற்றினாள், தீக்குச்சியைக் கிழித்தாள். தொலைவில் போன கப்பல்காரர்களுக்கு அன்றைக்கும் விளக்கு வழக்கம்போலத் தெரிந்தது.'

— இதுலயா இருக்கு இது?

— இதே பாரம்தான்.

— நான் பாக்கலையே இந்த விளக்க. புரட்டினேனே.

— நீங்க தேடினது வேறப்பா.

— ...

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். நீ செருப்பப் போட்டுக்க.

— அப்பா...

— போட்டுக்க. ஸ்வெட்டர எடுத்துக்க, வர்றப்பக் குளிரும். மாடி வீட்டு அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் விட மாட்டேன்னு சொன்னான்னா நான் பேசிக்கறேன். அப்படியெல்லாம் சட்டம் ஒண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன்.

— தெரியும்.

— இரு. போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்கு... டாக்டர் என்ன சொன்னாருன்னா...

— பஸ்ல சொல்லுங்கப்பா.

— பஸ்ல முடியாது. நாலு பேரு இருப்பாங்க. இங்கயே சொல்லிடறேன். அம்மா வீட்டுக்கு... அம்மா இனிமே வீட்டுக்கு வர மாட்டா.

— ...

— இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் புத்தகத்தையெல்லாம் பிரிச்சுக்கிட்டு... வேற என்ன பண்ண எனக்குத் தெரியும்? தையலப் பிரிக்கவும் போடவும்தான் தெரியும்.

— அழாதீங்கப்பா.

— அழல. நீ கேளு. அவகிட்டயும் சொல்லல நான். அவளுக்குத் தெரியாது. 'அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிடலாம், தைக்க வேண்டியது நெறைய கெடக்கு'ன்னு தெனமும் சொல்றேன், அவளும் தலையாட்டறா. நீ அங்க வந்து முகத்துல எதையும் காட்டிடாத. சிரிச்ச மாதிரி இரு. அவ தாங்க மாட்டா.

— அப்பா.

— என்னம்மா?

— பழைய வார்டுல கட்டில் பக்கத்துல போன் இருந்துச்சுல்ல, நீங்க பஸ் ஏறினதும் அதுலேர்ந்து அம்மா கடைக்குப் பண்ணுவாங்க. தெனமும். நீங்க அங்க போய்ச் சேர்ற வரைக்கும் பேசுவோம். நீங்க வர்ற சத்தம் கேட்டதும் வச்சுட்டுக் கண்ண மூடிப்பாங்க.

— என்ன சொல்ற?

— முடிச்சு போடச் சொல்லிக் குடுத்தது போன்லதான். ஒவ்வொரு சுத்தா. நேத்து பண்ணல. அதான் இன்னைக்கு எனக்கு இருப்பே கொள்ளல.

— அப்ப... அவளுக்கு...

— இந்தப் பாரத்தப் போன வாரமே படிச்சுக் காட்டிட்டேன்பா. முழுசும் கேட்டாங்க. 'எனக்கும்தான்'னு வருதுல்ல, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ படிக்கச் சொன்னாங்க.

— எல்லாம் தெரியுமா அவளுக்கு? தெரிஞ்சுக்கிட்டா தெனமும் தலையாட்டினா? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை...

— நானும் கேட்டேன். அப்பாகிட்டச் சொல்லிடலாமாம்மான்னு. 'வேணாம் கரையான்... அவரு இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரல'ன்னாங்க.